வீட்ல பாருங்க, கெடக்கும்

மட்டாஞ்சேரியில் ஒரு கடைக்காரி இருந்தார். வாங்க வந்தவர்களை வாங்கவிடாமல் திருப்பி அனுப்புவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பக்கெட், மக்கு, சோப்பு டப்பா, துணிக்கிளிப், தேங்காய் நார், டீ வடிகட்டி என்று வீட்டுச் சாமான் விற்கிற கடை அது. மசாலா கிடங்குகள் இருக்கிற தெருவில், ஒரு பேக்கரிக்கும் பூட்டிக் கிடந்த ஒரு குடோனுக்கும் நடுவே ஒடுங்கி நின்றது. யாராவது உள்ளே வந்து எதையாவது கையில் எடுத்தால் போதும், அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். "இது எதுக்கு?" என்று கேட்பார். பதிலைக் கேட்டுவிட்டு, "வேண்டாம். வீட்ல பாருங்க, கெடக்கும்" என்பார்.

பேக்கரிச் சேட்டனிலிருந்து மீன்காரி வரை எல்லோருக்கும் அவர் 'வேண்டச் சேச்சி'. தென்காசிப் பக்கத்துக்காரர். கொச்சிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் மலையாளத்தில் சுத்தமாக உச்சரித்தது, வேண்டாம் என்பதற்கான 'வேண்ட' என்கிற அந்த ஒரு சொல்லைத்தான் என்று சேட்டன் கேலி செய்வார். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவருடைய பேர் எனக்குத் தெரியாது. அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒருமுறை ஓட்டலில் வேலை பார்க்கிற மதுரைப் பையன்கள் இருவர் எண்ணெய் ஊற்றப் புனல் கேட்டு வந்தார்கள். தண்ணீர் பாட்டிலை மேல்பக்கம் வெட்டிக் கவிழ்த்தால் புனல் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கைப்பிடி உடைந்த பக்கெட்டோடு வந்த ஒரு வீட்டம்மாவிடம் புதியதை விற்காமல், பழைய கேபிள் வயரை முறுக்கிக் கைப்பிடி போட்டுக் கொடுத்தார். சாமான் இறக்க வந்த வேன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, கடதான நடத்துதீங்க?" என்றார். "வேண்டாததக் கொண்டுபோயி வீட்ல வெச்சிட்டு, பாக்கும்போதெல்லாம் என்னைய ஏசுவாளுவல்ல? அந்த ஏச்சு எனக்கு எதுக்கு?" என்றார் அக்கா. இப்படி நடத்தியும் அந்தக் கடை எப்படி ஓடியது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் ஓடியது. வேண்டாம் என்று சொல்லாமல் ஒரு பொருளை அவர் எடுத்துக் கொடுத்துவிட்டால், அதைவிட நல்லது வேறெங்கும் கிடைக்காது என்று அந்தத் தெருவே நம்பியது.

கடையில் நாற்காலி கிடையாது. கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருப்பார். கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும். எந்தச் சாமான் கைக்கு வந்தாலும் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். நேராகப் பார்த்தால் கம்பெனிக்காரன் நினைத்தது தெரியும், கவிழ்த்துப் பார்த்தால்தான் நமக்கு என்ன ஆகும் என்று தெரியும் என்பது அவர் கட்சி.

இனி என் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எல்லாக் கேடும் அந்த வெட்கத்தில்தான் ஆரம்பித்தது.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் வேலை, சுள்ளிக்கல்லில் அப்பா அம்மாவோடு வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு ஆனதும் அனீஷ் என்கிற நண்பனின் ஃப்ளாட்டுக்குப் போய்விடுவேன். அங்கே நாங்கள் ஆறு பேர், எல்லோரும் மீசையில் நரை எட்டிப் பார்க்கிற வயதுக்காரர்கள், சாப்பாட்டு மேசையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திப் போர் விளையாடுவோம். சிப்பாய் ஒவ்வொருவனும் கட்டைவிரலில் ஒரு கணு உயரம். டேப் வைத்து அளந்து நகர்த்துவோம், பகடை உருட்டிச் சுடுவோம். அவர்கள் ஒளிந்து சண்டை போட வீடு, மதில், வேலி, புதர் எல்லாம் வேண்டும். அதற்கு டெரெய்ன் என்று பேர். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கட்டுப்படியாகாது. ஆகையால் வீட்டுச் சாமான்களை வைத்து நாங்களே செய்வோம். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பச்சை அடித்தால் புதர், அந்த மாதிரி.

அப்பா ஒரு நாள் என் அறையில் வரிசையாக நின்ற சிப்பாய்களைப் பார்த்தார். ஒருவனைத் தூக்கி, முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே கவனமாக வைத்தார். அடுக்களைக்குப் போய் அம்மாவிடம், "அந்தத் திருநெல்வேலிக்காரங்களுக்கு இன்னொரு தடவ போன் போட்டுப் பாரு" என்றார். எனக்குப் பெண் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோயிருந்த காலம் அது.

அக்காவின் கடைக்கு நான் முதன்முதலில் போனது பன்னிரண்டு ஸ்பாஞ்ச் வாங்க. கடையில் அப்போது கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள்.

"இது எதுக்கு தம்பி, பன்னெண்டு? ஓட்டல் வெச்சிருக்கீங்களா?" என்றார் அக்கா.

அந்தப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொம்மைப் போர் விளையாட்டுக்குப் புதர் செய்கிறேன் என்று அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"மோளுக்கு," என்றேன், எனக்கு மகள் இருக்கிற மாதிரி. "ஸ்கூல் ப்ராஜெக்ட்."

அக்காவின் முகம் மலர்ந்தது. "எத்தனாங் கிளாஸ்?"

"நாலு."

"பேரென்ன?"

எதிரே சரமாகத் தொங்கிய இரவு விளக்கு அட்டைகளில் பிறை படம் போட்டிருந்தது. "நிலா," என்றேன்.

ஊர் ஒன்று செய்ய வேண்டுமாம், வீடும் மரமும் வைத்து, என்று மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். அக்கா பத்து ஸ்பாஞ்சை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப அடுக்கினார். "ரெண்டு போதும். மிச்சத்துக்கு வீட்ல பாருங்க, தேச்சுத் தேஞ்சது கெடக்கும். பழசுதான் செடி மாரி இருக்கும். புதுசுல செஞ்சா பஞ்சு மிட்டாய் மாரி நிக்கும்."

வீட்டுக்குப் போய் அம்மா ஒதுக்கிப் போட்டிருந்த பழைய ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்துப் பிய்த்தேன். அவர் சொன்னது சரி. ஓரம் நைந்து, நிறம் வெளுத்து, நம் தெருவோரத்துச் செடி மாதிரியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மேசையில் வைத்ததும் ஐந்து பேரும் குனிந்து பார்த்தார்கள். எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். சும்மா தோன்றியது என்றேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறையாவது போனேன். அக்கா எனக்காக, அதாவது நிலாவுக்காக, எதையாவது எடுத்து வைத்திருப்பார். விற்கிற சாமான் எதுவும் அதில் இருக்காது. டியூப்லைட் வந்த நெளிநெளி அட்டை, தகரக் கூரைக்கு. வெங்காயச் சாக்கின் வலை, கம்பி வேலிக்கு. பல் உடைந்த சீப்பு, மாடிக் கைப்பிடிக்கு. சாயா வடிகட்டிய சக்கையைக் காயவைத்து ஒரு டப்பாவில் தந்தார். "பசை தடவித் தூவுங்க. நம்ம ஊரு கரிசல் மண்ணு மாரி வரும். பிள்ளைய விட்டுத் தூவச் சொல்லுங்க, அதுகளுக்கு அதுதான் பிடிக்கும்." முட்டை அட்டையின் குழிகளைத் தனித்தனியாக வெட்டிக் கவிழ்த்துக் காட்டி, வைக்கோல்போர் என்றார். பற்பசை மூடியைக் கவிழ்த்து, மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி என்றார். நான் சிப்பாயின் உயரத்தை மனதில் வைத்து, தொட்டிக்கு இது சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்வேன். அவர் நிலாவின் விரலை மனதில் வைத்து, ஓரத்தில் பிசிறு இருந்தால் தேய்த்துக் கொடுப்பார்.

ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "போன வாரத்துது பாத்துட்டு மோளு என்ன சொன்னா?"

முதலில் சிரமமாக இருந்தது. பிறகு சிரமமாக இல்லை, அதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. டீச்சர் கைதட்டச் சொன்னார் என்றேன். முன்பல் இரண்டு விழுந்து 'ச' சொல்ல வரவில்லை என்றேன். வேலியை அவளே ஒட்டினாள், விரல் இரண்டும் பசையில் ஒட்டிக்கொண்டது என்றேன். பஸ்ஸில் கடைக்கு வரும்போதே இந்த வாரம் நிலாவுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துக்கொண்டு வருவேன். அக்கா பக்கெட்டில் உட்கார்ந்து வாய் திறந்தபடி கேட்பார். அவருக்குக் குழந்தை இருக்கிறதா, வீட்டில் யார் யார் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஒரு நாள் நான் செய்த வீடு ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். வழக்கம்போல் தலைகீழாகத் திருப்பினார். உள்ளே வெறும் அட்டை.

"அடுக்களை எங்க?"

"அது வெளிய மட்டும்தான் அக்கா."

"பொறவு இந்த வீட்ல எவ குடியிருப்பா? துணி எங்க காயும்?" என்றவர், இரண்டு ஊதுவத்திக் குச்சிகளை நட்டு, நூல் கட்டி, ரிப்பன் துணுக்குகளைத் தொங்கவிட்டார். வாசலில் பேனா மூடிகளை நறுக்கிக் குடங்களாக வரிசை வைத்தார். தண்ணீர் வண்டி வருகிற நாளில் மட்டாஞ்சேரிச் சந்துகளில் அப்படித்தான் குடங்கள் நிற்கும். எனக்கு எரிச்சலாக இருந்தது. துணிக்கொடி இருந்தால் சிப்பாயை நிறுத்த இடம் போதாது. வீட்டுக்கு வந்ததும் பிடுங்கிப் போட்டேன்.

பள்ளிக்கூடம் அக்கா தானாகவே செய்தது. நான் கேட்கவில்லை. ஊரென்று ஒன்று இருந்தால் நிலா படிக்க அதில் பள்ளிக்கூடம் வேண்டாமா என்று, கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் உட்கார்ந்து ஒரு மாதம் செய்திருக்கிறார். சுவர் பிஸ்கட் அட்டை, கூரை அந்த நெளி அட்டை. தீக்குச்சி ஜன்னல்கள் திறந்து மூடின. கூரையைத் தூக்கினால் உள்ளே ஐஸ் குச்சியில் பெஞ்சுகள், கறுப்பு அட்டையில் போர்டு, மூலையில் மூடியால் ஒரு குப்பைத்தொட்டி. வாசல் மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'வகுப்பு 4' என்று தமிழில் எழுதியிருந்தார். நான் படித்தது மலையாளத்தில். தமிழ் அம்மா சொல்லிக் கொடுத்து எழுத்துக்கூட்டக் கற்றது. அந்த ஒரு வரியை நின்று வாசித்தேன்.

"மூணாவது பெஞ்சுல ஓரத்து எடம் நிலாவுக்கு," என்றார் அக்கா. "காத்து வரும்."

அனீஷின் மேசையில் அதை வைத்ததும் சிரித்தார்கள். "எடா, இது அங்கன்வாடியாணல்லோ. இதில் ஆரு யுத்தம் செய்யும்?" என்றான் அனீஷ். சிப்பாய் நுழைய வழியில்லை, சுடுகிறவனுக்குப் பார்வைக் கோடு மறைகிறது, இடிந்த கட்டடமானால் பயன்படும் என்று பேச்சு போயிற்று. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த ஞாயிறு காலையில் மொட்டைமாடியில் உட்கார்ந்து நானே கூரையில் பாதியைக் கத்தியால் அறுத்தேன். ஒரு பக்கச் சுவரை இடித்தேன். மெழுகுவர்த்தி கொளுத்தி, காற்று மறைத்துக்கொண்டு, ஓரங்களைப் பொறுமையாகக் கருக்கினேன். பெஞ்சுகளில் நாலை ஒடித்துப் போட்டு, மேலே சாம்பல் தூவினேன். 'வகுப்பு 4' எழுத்தைத் தொடவில்லை. எரிந்த சுவரில் அது இருந்தால் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று விட்டு வைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த ஒன்றரை மணி நேரம் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

அந்த மேசையில் அதைவிட நல்ல டெரெய்ன் யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது பெஞ்சில் என் துப்பாக்கிக்காரன் படுத்துக்கொண்டு எதிரியின் பாதிப் படையைச் சாய்த்தான். படம் எடுத்தோம். எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டபோது அனீஷ் என் பேரைப் போட்டு, முழுக்கக் கையால் செய்தது என்று எழுதினான். நான் கும்பிடு பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

பிடிபட்டது ஒரு ஜல்லடையால். வாஷ்பேசின் ஓட்டையில் வைக்கிற சின்ன வட்ட ஜல்லடை எனக்கு வேண்டியிருந்தது, சாக்கடை மூடிக்கு. எந்த அளவு என்று அக்காவுக்குப் புரியவில்லை. ஃபோனில் அதன் படத்தைத் திறந்து நீட்டினேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினார். ஜல்லடையைப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும். மோளு போட்டோ காட்டுங்கன்னு எத்தன தடவ கேட்டாச்சு? எப்பவும் மறந்துட்டேன்னு ஒரு சாக்கு," என்று சொல்லிக்கொண்டே விரலால் படத்தைத் தள்ளினார்.

அடுத்த படம் எரிந்த பள்ளிக்கூடம். நான் கையை நீட்டினேன். அவர் ஃபோனைத் தரவில்லை. பள்ளிக்கூடம் முன்பக்கம், பின்பக்கம், மேலிருந்து. பதினாலு படம் எடுத்திருந்தேன். ஒன்றை இரண்டு விரலால் பெரிதாக்கினார். 'வகுப்பு 4' திரை முழுக்க வந்தது. பிறகு தள்ளிக்கொண்டே போனார். சிப்பாய்கள், பகடை, மேசையைச் சுற்றி நாங்கள், மறுபடி சிப்பாய்கள். ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். ஃபிராக் இல்லை, பிறந்தநாள் கேக் இல்லை, பல் விழுந்த சிரிப்பு இல்லை. மக்கு கேட்டு வந்த ஒரு பெண்ணை, "பொறவு வாம்மா" என்று பார்க்காமலே அனுப்பினார்.

நான் பிடிபட்டேன் என்றுதான் நினைத்தேன். திட்டு வாங்கிக்கொண்டு ஓடிப்போகத் தயாராக நின்றேன்.

அக்கா நிமிர்ந்தபோது அவர் கண் நிறைந்திருந்தது.

"எத்தன வருசமாச்சு தம்பி?" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிள்ளையின் படம் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளத் தைரியம் இல்லாத தகப்பன், பிள்ளை இன்னும் இருப்பதாகவே பேசித் திரிகிற தகப்பன் என்று அவர் என்னை எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு பிள்ளையே கிடையாது அக்கா என்று.

"ரெண்டு," என்றேன்.

"தீயா?"

"இல்ல. காய்ச்சல்."

இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. நான் இல்லாத பிள்ளை ஒன்றைப் பெற்று, பல் விழவைத்து, அன்று அந்தக் கடையில் நின்று அதைச் சாகவும் வைத்தேன். என் சங்கடம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள.

அக்கா ஃபோனை என் சட்டைப் பையில் அவரே போட்டார். "அது பொம்மையெல்லாம் அப்படியே வெச்சிருக்கியே," என்றார். என் சிப்பாய்களைச் சொன்னார். அதுவரை என்னை நீங்கள் என்றவர், அன்றிலிருந்து நீ என்றார். பேக்கரியிலிருந்து சாயாவும் ஒரு பழம்பொரியும் வரவழைத்து, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்தில் நின்றார். ஜல்லடைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தந்தார்.

அதோடு நான் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்திருந்தால் பாதி மரியாதையாவது மிஞ்சியிருக்கும். போனேன். சாமான் தேவைப்பட்டது, போனேன். அக்கா இப்போது கேள்வி கேட்பதில்லை. மோளு என்ன சொன்னா என்ற பேச்சே இல்லை. எடுத்து வைத்திருந்ததைத் தந்து, "சாப்டியா?" என்று மட்டும் கேட்பார். சேட்டனிடமும் சொல்லியிருக்க வேண்டும். என்னைக் கண்டால் அவரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது அக்காவின் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

"என்னக்கா கையில?"

"கொப்புளம். நேத்து கடையப் பூட்டிட்டு வல்லார்பாடம் போயிருந்தேன்," என்றார்.

வல்லார்பாடம் மாதா கோயிலின் முற்றத்தைக் கூட்டுவது இங்கே ஒரு நேர்த்திக்கடன். பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்டு போகிறவர்கள் அதிகம். எந்த மதம் என்று யாரும் பார்ப்பதில்லை. கடையில் முருகன் படத்துக்குத் தினமும் ஊதுவத்தி கொளுத்துகிற அக்கா, இரண்டு பஸ் மாறி அங்கே போயிருக்கிறார்.

"நிலா பேரச் சொல்லி முற்றம் பூரா பெருக்குனேன். நல்ல வெயிலு. எங்க இருந்தாலும் பிள்ள சொகமா இருக்கட்டும்," என்றவர், கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "வீட்ல இருந்த வாரியலு தேஞ்சு போச்சு தம்பி. சாமி காரியத்துக்குப் பழசு எதுக்குன்னு கடையில இருந்து புதுசு ஒண்ணு பிரிச்சுட்டேன்."

ஊரில் யாரையும் புதுசு வாங்கவிடாத அக்கா, அந்தக் கடையிலிருந்து தனக்கென்று ஒரு குண்டூசிகூட எடுக்காதவர், புது விளக்குமாற்றைப் பிரித்திருக்கிறார். நான் சொன்ன பொய்க்கு. அன்றே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அன்று சொல்லவில்லை. அடுத்த வாரம் போனேன். கடையில் ஆள் இருந்தது, அதையே காரணமாக வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் ஆள் இல்லை. "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்," என்று ஆரம்பித்தேன். "நீ ஒண்ணும் சொல்லாண்டாம், தெரியும்," என்று சொல்லி, பக்கெட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். உள்ளே இன்னொரு பள்ளிக்கூடம். முதலில் செய்ததைவிடச் சின்னது. கூரை முழுசாக இருந்தது. இதில் துணிக்கொடி இல்லை, குடம் இல்லை, வாசலில் ஊதுவத்திக் குச்சியில் ஒரு கொடிக்கம்பம் மட்டும். "அத எரிச்சது உன் மனசுக்குள்ள இருக்க வேதனை தம்பி. நான் ஒண்ணும் நெனைக்கல. இத மட்டும் எரிக்காத," என்றார். பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒருவர் நம்மை அவ்வளவு தப்பாக, அவ்வளவு நல்லவனாகப் புரிந்துகொண்டிருக்கும்போது உண்மையைச் சொல்ல எனக்கு நெஞ்சுரம் போதவில்லை.

பிறகு மழைக்காலம். ஆபீஸில் வேலை இறுகியது. அதுவும் பொய்தான், அத்தனை இறுகவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போனபோது கடை பூட்டியிருந்தது. பேக்கரிச் சேட்டன் சொன்னார்: நெஞ்சுவலி வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். தம்பி முறையில் யாரோ வந்து ஊருக்கு அழைத்துப்போய்விட்டார்களாம். சாமானையெல்லாம் தோப்பும்படியில் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். ஊரில்தான் ஆபரேஷன் என்று கேள்வி, இனி வருவது சந்தேகம்.

"ஃபோன் நம்பர் ஏதாவது?"

அவரிடம் இல்லை.

"பேரென்ன சேட்டா, அவங்க பேரு?"

சேட்டன் யோசித்தார். பத்துப் பன்னிரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். "வேண்டச் சேச்சி," என்றார் கடைசியில். சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னைப் பார்த்து, மோள் விஷயம் சேச்சிக்கு ரொம்ப சங்கடம், ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றும் உன்னைக் கேட்டார் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அனீஷ் வீட்டுக்குப் போகவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு வல்லார்பாடத்துக்குக் கிளம்பினேன். விளக்குமாறு வாங்கலாம் என்று வழியில் ஒரு கடை முன்னால் நிறுத்தினேன். பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போய், அம்மா கொல்லையில் சாய்த்து வைத்திருந்த பழையதை எடுத்துக்கொண்டு பாலங்களைத் தாண்டிப் போனேன். நான் போய் நின்றிருந்தால் அக்கா புதியதைத் தந்திருக்க மாட்டார்.

முற்றத்தில் ஏழெட்டுப் பேர் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு மூலையில் ஆரம்பித்தேன். எனக்குப் பழக்கமில்லை, குப்பையைவிடப் புழுதிதான் எழும்பியது. பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் விளக்குமாற்றைக் கீழே சாய்த்துப் பிடிக்கும்படி காட்டிக்கொடுத்தார்.

"ஆருக்கு வேண்டியா மோனே?" என்று கேட்டார்.

"சுகமில்லாத ஒருத்தருக்கு," என்றேன் மலையாளத்தில்.

பேரைச் சொல், நானும் கூடச் சேர்ந்து வேண்டிக்கொள்கிறேன் என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு, விளக்குமாற்றை மார்போடு சாய்த்துக் கைகளைக் கூப்பியபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா என்பதற்கு மேல் எனக்கு ஒரு பேரும் தெரியாது.

"நிலா," என்றேன்.

அந்த அம்மா கண்ணை மூடி அந்தப் பேரை மூன்று தடவை சொன்னார். பிறகு என் புழுதியையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார்.